கரண்ட் பில் கணக்கும் தகராறும்: வீட்டு மின் இணைப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டு வீட்டு மின் இணைப்புகளைப் பற்றியது இந்தப் பக்கம். எங்கள் குடியிருப்பில் பில் குழப்பம் என்றால் மீட்டர் அட்டையைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வருவது பழக்கமாகிவிட்டது. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். எல்லாவற்றிலும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: ரூபாயை அப்புறம் பார்க்கலாம், முதலில் யூனிட்டைப் பாருங்கள். யூனிட் தப்பா, கணக்கு தப்பா என்று தெரியாமல் ஆபீசுக்குப் போனால் அங்கிருப்பவர் நம்மைக் குழப்பி அனுப்பிவிடுவார்.

ஈ.பி., டான்ஜெட்கோ, மின் பகிர்மானக் கழகம்: எது சரி? விலையை வைப்பது யார்?

பழைய மின்வாரியம் 2010-ல் பிரிந்தபோது விநியோகம் டான்ஜெட்கோ கைக்கு வந்தது. 2024-ல் அதையும் பிரித்தார்கள். இப்போது பில் போடுவது தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம். நம் வாயில் அது என்றைக்கும் ஈ.பி.தான்.

விலையை வைப்பது ஈ.பி. இல்லை. அவர்கள் கேட்பார்கள், ஆணை போடுவது தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். ஆணையம் வைத்த விலையில் ஒரு பகுதியை மாநில அரசு மானியமாகத் தரும். மீதிதான் நம் பில்லில் வரும். செய்தியில் ஒரு விலையும் பில்லில் வேறு விலையும் தெரிந்தால் காரணம் பெரும்பாலும் இந்த மானியம்தான்.

யூனிட்டுக்கு என்ன விலை?

கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. கீழே இருப்பது 2024 ஜூலை 1 முதல் வீடுகள் கட்டும் விலை. 2025 ஜூலையில் ஆணையம் உயர்த்தியபோது வீடுகளுக்கான உயர்வை அரசு ஏற்றுக்கொண்டதால் இந்த விலை மாறவில்லை. ஆனால் ஜூலை மாதம் என்றாலே விலை மாறும் மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பில் சரிபார்க்கும் முன் அந்த ஆண்டின் அட்டவணையை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இரண்டு மாதத்தில் 500 யூனிட் வரை ஓடிய வீட்டுக்கு: முதல் 100 இலவசம். 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு ரூ.2.35. 201 முதல் 400 வரை ரூ.4.70. 401 முதல் 500 வரை ரூ.6.30.

500-ஐத் தாண்டிய வீட்டுக்கு: முதல் 100 இலவசம்தான். ஆனால் 101 முதல் 400 வரை முழுக்க ரூ.4.70. 401 முதல் 500 வரை ரூ.6.30. 600 வரை ரூ.8.40. 800 வரை ரூ.9.45. 1,000 வரை ரூ.10.50. அதற்கு மேல் ரூ.11.55.

எத்தனை யூனிட் ஓடினாலும் வீடுகள் முன்பு கட்டிவந்த நிலைக்கட்டணம் 2022 செப்டம்பர் ஆணையோடு போய்விட்டது.

500-க்கும் 501-க்கும் ஒரு யூனிட்தானே வித்தியாசம்? பில் ஏன் தாவுகிறது?

இரண்டு அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 500 தாண்டியதும் 101–200 பகுதிக்கான அரை விலைச் சலுகை காணாமல் போகிறது. கூடுதலாக ஓடிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, கீழே ஏற்கெனவே ஓடிய நூறு யூனிட்டின் விலையும் திரும்பி வந்து இரட்டிப்பாகிறது.

கணக்குப் போடுவோம். 500 யூனிட்: 235 + 940 + 630 = ரூ.1,805. 501 யூனிட்: 1,410 + 630 + 8.40 = ரூ.2,048.40. அந்த ஒற்றை யூனிட்டின் விலை ரூ.243.40. ஒரு பழைய சீலிங் ஃபேன், 75 வாட், பதின்மூன்று மணி நேரம் சுற்றினால் ஒரு யூனிட். ஒரு ராத்திரிக் காற்றுக்கு 243 ரூபாய்!

என்னிடம் கேட்டால் இந்த விலைப்பட்டியலிலேயே ரொம்ப அநியாயமான இடம் இதுதான். ஆனால் இது தகராறு செய்யக்கூடிய தப்பு இல்லை, ஆணையம் வைத்த விலை. செய்ய முடிந்தது ஒன்றுதான். ரீடிங் எடுக்க ஒரு வாரம் இருக்கும்போது மீட்டரைப் பாருங்கள். போன ரீடிங்கைக் கழித்தபின் 470, 480 என்று நின்றால் அந்த வாரம் கீசரையும் இஸ்திரிப் பெட்டியையும் கொஞ்சம் ஓரம்கட்டுங்கள்.

ரீடிங் எடுக்க நாலு நாள் தாமதமாக வந்தார்கள். அதனால் 500-ஐத் தாண்டிவிட்டது. கேட்க முடியுமா?

கேளுங்கள், அதுவும் எழுத்தில் கேளுங்கள். நாளைக்கு 8 யூனிட் ஓடும் வீடு என்று வையுங்கள். 60 நாளில் 480 யூனிட், பில் ரூ.1,679. அதே வீட்டுக்கு 64-ஆம் நாள் ரீடிங் எடுத்தால் 512 யூனிட், பில் ரூ.2,140.80. கூடுதலாக ஓடிய 32 யூனிட்டுக்கு ரூ.461.80 ஆகிறது.

அதனால் அட்டையிலோ பில்லிலோ இருக்கும் தேதிகள் முக்கியம். போன முறை எடுத்த தேதி, இந்த முறை எடுத்த தேதி, நடுவே எத்தனை நாள் என்று எண்ணுங்கள். 60-ஐத் தாண்டி, அதனாலேயே மேல் படிக்குப் போயிருந்தால், நாள் வாரியாகக் கணக்கைப் பிரித்துத் தரச் சொல்லிப் பிரிவு அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். கணக்கீட்டாளரோடு வாசலில் சண்டை போட்டுப் பயனில்லை. அவர் கையில் இருக்கும் கருவி கேட்பது எண்ணை மட்டும்தான்.

மீட்டரில் எண் மாறிக்கொண்டே இருக்கிறது. எதைக் குறிப்பது?

இப்போதைய மீட்டரின் திரை தானாகவே நகரும். தேதி வரும், நேரம் வரும், வோல்டேஜ் வரும், அதிகபட்சச் சுமை வரும். உங்களுக்கு வேண்டியது கே.டபிள்யூ.எச். (kWh) என்ற எழுத்தோடு வரும் எண், அதுதான் யூனிட். வெறும் கே.டபிள்யூ. (kW) என்று வருவது சுமை. அதைப் படம் எடுத்துக்கொண்டு போய் ஆபீசில் காட்டி அசடு வழிந்தவர்கள் எங்கள் தெருவிலேயே இரண்டு பேர்.

மாதம் முதல் தேதி காலையில் அந்த எண்ணைப் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். மீட்டரின் வரிசை எண்ணும் அதே படத்தில் தெரியட்டும். ஒரு வருடம் கழித்துத் தகராறு வந்தால் இந்தப் பன்னிரண்டு படங்கள்தான் உங்கள் பக்கத்துச் சாட்சி.

இந்த முறை பில் இரண்டு மடங்கு. மீட்டர் வேகமாக ஓடுகிறதா?

இருக்கலாம். ஆனால் முதலில் வீட்டைச் சந்தேகப்படுங்கள். என் கதையையே சொல்கிறேன். 430 யூனிட் ஓடும் வீட்டுக்கு ஒருமுறை 870 வந்தது. மீட்டர் கெட்டுவிட்டது என்று முடிவே கட்டிவிட்டேன். கடிதம்கூட எழுதியாயிற்று. ராத்திரி பதினொரு மணிக்கு டார்ச் லைட்டோடு மீட்டர் முன்னால் போய் நின்றபோதுதான் தெரிந்தது: வீட்டில் எல்லா விளக்கும் அணைந்திருக்கிறது, மீட்டரின் சிவப்புப் புள்ளி மட்டும் படபடவென்று மினுக்குகிறது. காது கொடுத்தால் கொல்லையில் மோட்டார் ஓடும் சத்தம். மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாய் மண்ணுக்குள் உடைந்திருந்தது. தொட்டி காலியாகக் காலியாகத் தானியங்கி சுவிட்ச் மோட்டாரைப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு பிளம்பரைக் கூப்பிட்டேன்.

அந்தச் சிவப்புப் புள்ளிதான் உங்கள் முதல் சோதனைக்கூடம். மீட்டர் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கு என்று அச்சிட்டிருக்கும். பல மீட்டர்களில் 3,200.

முதல் சோதனை: வீட்டுக்குள் இருக்கும் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் பாருங்கள். புள்ளி மினுக்கக் கூடாது. மினுக்கினால் வயரிங்கில் கசிவு இருக்கிறது, அல்லது உங்கள் மீட்டரிலிருந்து வேறு எங்கோ மின்சாரம் போகிறது. படிக்கட்டு விளக்கு, பக்கத்துப் போர்ஷன், மாடிக் கொட்டகை என்று எதுவாகவும் இருக்கலாம்.

இரண்டாவது சோதனை: மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு 1,000 வாட் பொருள் ஒன்றை மட்டும் ஓடவிடுங்கள், வாளியில் போடும் வாட்டர் ஹீட்டர் போல. இஸ்திரிப் பெட்டி சூடானதும் தானாக நின்றுவிடும், அது சரிவராது. 3,200 மினுக்கு மீட்டரில் ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 53 மினுக்கு வர வேண்டும். வோல்டேஜைப் பொறுத்து நாலைந்து கூடக் குறைய இருக்கும். எண்பது, தொண்ணூறு வந்தால் மீட்டர் மேல் சந்தேகப்பட நியாயம் உண்டு.

கோடை என்றால் இன்னொன்றையும் யோசியுங்கள். ஒன்றரை டன் ஏ.சி. மணிக்கு ஒன்று முதல் ஒன்றரை யூனிட் வரை சாப்பிடும். ஏப்ரல், மே மாதப் பில்லை ஜனவரிப் பில்லோடு ஒப்பிட்டு அலறுவதில் அர்த்தமில்லை. போன வருடத்து ஏப்ரல், மேயோடு ஒப்பிடுங்கள்.

வீட்டில் தப்பில்லை. மீட்டரைச் சோதிக்கச் சொல்வது எப்படி?

பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளருக்கு மனு எழுதி, சோதனைக் கட்டணம் கட்டி, ரசீது வாங்குங்கள். மத்திய அரசின் 2020-ஆம் ஆண்டு மின் நுகர்வோர் உரிமை விதிகளின்படி, ரீடிங் என் உபயோகத்துக்குப் பொருந்தவில்லை என்று நீங்கள் புகார் கொடுத்தால் 30 நாளுக்குள் சோதிக்க வேண்டும். மீட்டர் கெட்டது என்று தெரிந்தால் கட்டிய சோதனைக் கட்டணம் அடுத்த பில்லில் கழியும்.

2024 பிப்ரவரியில் இந்த விதிகளில் ஒரு நல்ல திருத்தம் வந்தது. இப்படிப் புகார் வந்தால் ஐந்து நாளுக்குள் கூடுதலாக இன்னொரு மீட்டரைப் பொருத்தி, குறைந்தது மூன்று மாதம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஆபீசில் எல்லோருக்கும் இது தெரிந்திருக்கும் என்று நினைக்காதீர்கள். மனுவிலேயே ஆண்டையும் திருத்தத்தையும் குறிப்பிட்டு எழுதுங்கள்.

மீட்டரைக் கழற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். சீல் உடையாமல் இருப்பதையும் கடைசி ரீடிங்கையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சீலை நீங்கள் தொடவே கூடாது. தொட்டால் வாதி பிரதிவாதி ஆகிவிடுவார்.

மீட்டர் நின்றுபோயிருந்தது. "ஆவரேஜ்" போட்டிருக்கிறோம் என்கிறார்கள். எந்த ஆவரேஜ்?

2004-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மின் வழங்கல் விதித்தொகுப்பு சொல்வது: மீட்டர் கெட்டிருந்த காலத்துக்கு, அதற்கு முந்தைய நான்கு மாத உபயோகத்தின் சராசரி. அதாவது முந்தைய இரண்டு பில். அந்த நான்கு மாதத்தில் வீடு இருந்த நிலை வேறாக இருந்திருக்கக் கூடாது என்பதும் அதிலேயே இருக்கிறது. முந்தைய நாலு மாதமும் மகள் பிரசவத்துக்கு வந்து ராப்பகலாக ஏ.சி. ஓடியது, இப்போது நீங்கள் இரண்டு பேர் மட்டும் என்றால், அதை எழுதிக் கொடுத்து வேறு காலத்தைக் கணக்கில் எடுக்கச் சொல்லலாம்.

வீடு பூட்டியிருந்தது. உத்தேசமாகப் பில் போட்டுவிட்டார்கள்.

போடலாம், ஆனால் எல்லையோடு. அதே 2020 விதிகளின்படி ஒரு நிதியாண்டில் இரண்டு முறைக்கு மேல் தற்காலிகப் பில் போடக் கூடாது. இரண்டு சுற்றையும் தாண்டி உத்தேசப் பில்லே வந்தால், இயற்கைச் சீற்றம் போன்ற காரணம் இல்லாத பட்சத்தில், உண்மை ரீடிங் எடுத்துத் தரும்வரை கட்ட மறுக்கலாம். ஊருக்குப் போகிறவர்கள் திரும்பிய அன்றே மீட்டரைப் படம் எடுத்து, ரீடிங்கைச் சொல்லி மனுக் கொடுத்துவிடுவது நல்லது.

விட்டால் என்ன ஆகும் என்பதை 2020 ஊரடங்கில் தமிழ்நாடே பார்த்தது. ரீடிங் எடுக்க ஆள் வர முடியாததால் முந்தைய பில் தொகையையே கட்டச் சொன்னார்கள். பிறகு நான்கு மாதத்துக்குமாகச் சேர்த்து ரீடிங் எடுத்து, இரண்டாகப் பிரித்து விலை போட்டு, ஏற்கெனவே கட்டிய தொகையைக் கழித்தார்கள். கட்டிய பணத்தை அல்ல, அதற்கான யூனிட்டைக் கழியுங்கள் என்று ஜனங்கள் கேட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றம் வரை போன வழக்கு அந்த ஜூலையில் தள்ளுபடியானது. அதனால் பல மாதக் கணக்கு ஒன்றாக வரும் பில்லில் முதலில் பார்க்க வேண்டியது, எத்தனை சுற்றாகப் பிரித்திருக்கிறார்கள் என்பதை. ஒவ்வொரு சுற்றுக்கும் 100 யூனிட் இலவசம் கழிந்திருக்க வேண்டும்.

தகராறு நடக்கும்போது பில் கட்ட வேண்டுமா? கட்டாவிட்டால் ஃபியூஸைப் பிடுங்கிவிடுவார்களா?

சும்மா கட்டாமல் இருந்தால் பிடுங்குவார்கள். "நான்தான் புகார் கொடுத்திருக்கிறேனே" என்பது லைன்மேனிடம் எடுபடாது. ரீடிங் எடுத்ததிலிருந்து உங்களுக்கு இருப்பது 20 நாள். மின் இணைப்பைத் துண்டிக்க 15 முழு நாள் அறிவிப்பு தர வேண்டும் என்று 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 56-ஆவது பிரிவு சொல்கிறது. அந்தப் பதினைந்தும் இந்த இருபதுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. தனியாகக் கடிதம் வரும் என்று காத்திருந்தவர்கள் இருட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆனால் அதே பிரிவில் பலருக்குத் தெரியாத ஒரு கதவு இருக்கிறது. ஆட்சேபத்துடன் பணம் கட்டினால் இணைப்பைத் துண்டிக்கக் கூடாது. கட்ட வேண்டியது எவ்வளவு? கேட்ட தொகை அல்லது முந்தைய ஆறு மாதச் சராசரிக் கட்டணப்படி வரும் தொகை, இரண்டில் எது குறைவோ அது.

உதாரணம்: கடைசி மூன்று பில் ரூ.1,100, ரூ.1,250, ரூ.1,150. திடீரென ரூ.9,000 வந்திருக்கிறது. மூன்றையும் கூட்டினால் 3,500. இரண்டு மாதச் சராசரி ஏறக்குறைய ரூ.1,167. தகராறு தீரும்வரை இந்த 1,167-ஐக் கட்டினால் போதும்.

ஆன்லைனில் தட்டி முடிக்கிற வேலை இல்லை இது. கடிதத்தோடு நேரில் போக வேண்டும். கடிதத்தில் இப்படி எழுதலாம்:

"உதவிப் பொறியாளர் அவர்களுக்கு, எனது மின் இணைப்பு எண் ……. …… தேதியிட்ட பில் ரூ.9,000-ஐ நான் ஏற்கவில்லை. காரணம்: …… மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 56(1)-இன் காப்புரைப்படி, முந்தைய ஆறு மாதச் சராசரியான ரூ.1,167-ஐ ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன். புகார் தீரும்வரை இணைப்பைத் துண்டிக்க வேண்டாம். மீட்டரைச் சோதித்து அறிக்கை தரக் கோருகிறேன்."

இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம், பக்கத்துத் தபால் நிலையத்தில் ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

நாலு வருடத்துக்கு முந்தைய பாக்கி என்று இப்போது கேட்கிறார்கள். செல்லுமா?

பிரிவு 56(2): முதலில் கட்ட வேண்டியதான நாளிலிருந்து இரண்டு வருடம் போய்விட்டால் வசூலிக்க முடியாது, பாக்கி என்று தொடர்ந்து பில்லில் காட்டி வந்திருந்தால் தவிர. எனவே பழைய பில்களைப் புரட்டுங்கள். "நிலுவை" என்ற இடத்தில் அந்தத் தொகை எப்போதாவது வந்திருக்கிறதா?

இதில் ஒரு சிக்கல் உண்டு. தணிக்கையில் தப்பான விலைப்பட்டியல் போட்டதைக் கண்டுபிடித்துப் பிறகு கேட்டால்? ராஜஸ்தானில் அப்படி நடந்தது. 2009 முதல் 2011 வரையிலான தப்புக்கு 2014-ல் பில் போட்டார்கள். ரஹமத்துல்லா கான் வழக்கு என்று சொல்லப்படும் அதில் 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது: தப்பைக் கண்டுபிடித்தபின் கூடுதல் பில் போடலாம், ஆனால் இரண்டு வருடம் கடந்த அந்தத் தொகைக்காக இணைப்பைத் துண்டிக்க முடியாது. ஆகவே "கட்டலைன்னா கட் பண்ணிடுவோம்" என்று மிரட்டினால் இந்தத் தீர்ப்பைக் கடிதத்தில் குறிப்பிடுங்கள்.

பழைய வீடு வாங்கினேன். முந்தையவர் வைத்த பாக்கியை என்னிடம் கேட்கிறார்கள்.

"யாரோ வைத்த பாக்கிக்கு நான் ஏன்" என்ற வாதம் இப்போது கைகொடுப்பதில்லை. விதிகளில் இடம் இருந்தால், புது இணைப்பு தரும் முன் பழைய பாக்கியைக் கட்டச் சொல்லலாம் என்று 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒரு கேரள வழக்கில் சொல்லிவிட்டது. பத்திரம் பதியும் முன் வில்லங்கச் சான்று பார்ப்பது போல மின் இணைப்பு எண்ணைப் போட்டுப் பாக்கியையும் பாருங்கள். பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

எங்கே, எந்த வரிசையில் புகார் செய்வது?

மின்னகம், 94987 94987. 2021 ஜூனில் தொடங்கிய 24 மணி நேரச் சேவை. மின்தடை, கம்பி அறுந்தது, பில் சந்தேகம் எல்லாவற்றுக்கும் புகார் எண் தருவார்கள். அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் பணத் தகராறுக்கு இது தொடக்கம்தான்.

அடுத்தது பிரிவு அலுவலகத்தில் எழுத்து மனு. பதில் வராவிட்டாலோ வந்த பதில் சரியில்லாவிட்டாலோ மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம். ஒவ்வொரு மின் பகிர்மான வட்டத்திலும் ஒன்று உண்டு, தலைவர் அந்த வட்டத்தின் மேற்பார்வைப் பொறியாளர். "அவங்க ஆள்கிட்டயே அவங்களைப் பத்திப் புகாரா?" என்று எல்லோரும் கேட்பதுதான். நியாயமான கேள்வி. ஆனாலும் இந்தப் படியைத் தாண்டாமல் மேலே போக முடியாது. போய்ப் பார்த்ததில் சொல்கிறேன்: கணக்கைத் தாளில் போட்டு எடுத்துப் போனால் கேட்கிறார்கள். உதவிப் பொறியாளர் கண்டுகொள்ளாத மனுவுக்கு அங்கே விசாரணைத் தேதி கிடைக்கும்.

அங்கே தோற்றால், உத்தரவு வந்த 30 நாளுக்குள் சென்னை கிண்டியில் இருக்கும் மின்குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு. அவர் ஈ.பி.யின் ஆள் இல்லை, ஒழுங்குமுறை ஆணையம் நியமித்தவர். இரண்டு இடத்திலும் வக்கீல் இல்லாமல் நீங்களே பேசலாம்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். சேவைக் குறைபாடு, நஷ்ட ஈடு என்று வரும்போது அது பொருத்தம். 5 லட்சம் வரை கட்டணமில்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பில்லைத் திருத்துவது மட்டும்தான் நோக்கம் என்றால் குறைதீர்க்கும் மன்றமே சுருக்கு வழி.

ஆவணம் தர மறுத்தால் பத்து ரூபாய்த் தகவல் உரிமை மனு. மீட்டர் சோதனை அறிக்கை, கடந்த மூன்று வருட ரீடிங், எந்தத் தேதியில் மீட்டர் மாற்றினார்கள், இவற்றைக் கேளுங்கள். "பில் ஏன் அதிகம்?" என்று கேட்காதீர்கள். தகவல் உரிமையில் ஆவணம் கிடைக்கும், விளக்கம் கிடைக்காது.

"அனுமதியில்லாத பயன்பாடு" என்று நோட்டீஸ் வந்திருக்கிறது.

இது வேறு பாதை. வீட்டு இணைப்பில் கடை நடத்துவது போன்றவை மின்சாரச் சட்டத்தின் 126-ஆவது பிரிவில் வரும். குறைதீர்க்கும் மன்றம் இதை எடுக்காது. முதலில் வருவது தற்காலிக மதிப்பீடு. அதற்கு நீங்கள் ஆட்சேபம் எழுதித் தர வேண்டும், கேட்டுவிட்டு 30 நாளுக்குள் இறுதி உத்தரவு போடுவார்கள். விலை இரட்டிப்பு. எப்போதிருந்து நடந்தது என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால் சோதனைக்கு முந்தைய 12 மாதத்துக்கு மேல் போடக் கூடாது. மேல்முறையீடு 30 நாளில், பாதித் தொகையைக் கட்டிவிட்டு. நோட்டீசுக்குப் பதில் எழுதாமல் அலமாரியில் வைப்பதுதான் இங்கே செய்யும் பெரிய தப்பு. மின்திருட்டு என்று 135-ஆவது பிரிவைக் குறிப்பிட்டிருந்தால் தயங்காமல் வக்கீலைப் பாருங்கள்.

வாடகை வீடு. வீட்டு ஓனர் யூனிட்டுக்குப் பத்து ரூபாய் வாங்குகிறார்.

இதற்கு ஒரு கணக்கைக் காட்டினால் போதும். ஒரே இணைப்பில் மூன்று குடித்தனம், தலைக்கு 300 யூனிட், மொத்தம் 900. பில்: 1,410 + 630 + 840 + 1,890 + 1,050 = ரூ.5,820. யூனிட்டுக்குச் சராசரி ரூ.6.47. ஓனர் பத்து ரூபாய் வீதம் வாங்குவது ரூ.9,000. மீதி 3,180 அவருக்குக் கூடுதல் வாடகை.

இன்னும் ஒன்று. மூன்று குடித்தனத்துக்கும் தனித்தனி இணைப்பு இருந்தால் 300 யூனிட்டுக்கு ஆளுக்கு ரூ.705, மூன்றுக்கும் சேர்த்து ரூ.2,115-தான். ஒரே மீட்டரில் சேர்ந்ததாலேயே எல்லோரும் மேல் படிக்குப் போய்விடுகிறார்கள். தனிக் குடித்தனமாக இருக்கும் பகுதிக்குத் தனி இணைப்பு கேட்க ஓனரைத் தூண்டுங்கள். "அண்ணே, பில்லைக் காட்டுங்க, நம்ம சப்-மீட்டர் பங்குபடி பிரிச்சுக்கலாம்" என்று தொடங்கினால் பாதிப் பேர் ஒத்துக்கொள்வார்கள். மீதிப் பேர் வீட்டைக் காலி பண்ணச் சொல்வார்கள். அதையும் யோசித்துவிட்டுக் கேளுங்கள்.

அபார்ட்மெண்ட் படிக்கட்டு விளக்குக்கும் மோட்டாருக்கும் ஏன் இவ்வளவு?

2022 ஆணையில் பொது மின்சாரத்துக்குத் தனி விலை வந்தது, யூனிட்டுக்கு 8 ரூபாய். எதிர்ப்புக்குப் பிறகு 2023 அக்டோபரில் சிறிய குடியிருப்புகளுக்கு ரூ.5.50 ஆகக் குறைத்தார்கள். தகுதி: பத்து வீடு அல்லது அதற்குள், மூன்று மாடி அல்லது அதற்குள், லிஃப்ட் கிடையாது. விலை அதன்பின் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. உங்கள் கட்டடத்துக்குத் தகுதி இருந்தும் பில்லில் பெரிய விலையே ஓடுகிறதா என்று பாருங்கள். சங்கத்தின் பெயரில் மனுக் கொடுத்தால் நேரில் வந்து பார்த்து மாற்றுவார்கள்.

ஆதாரை இணைத்தால் இரண்டாவது வீட்டுக்கு 100 யூனிட் போய்விடுமா?

2022 நவம்பரில் இணைப்பு தொடங்கியபோது எல்லோருக்கும் வந்த பயம் இது. ஒரே ஆதாரில் பல இணைப்பு இருந்தாலும் 100 யூனிட் தொடரும் என்று அரசு அப்போதே சொன்னது. வாடகைக்கு இருப்பவர் தன் ஆதாரைக் கொடுத்ததால் வீடு அவருக்குச் சொந்தமாகாது.

கூடுதல் டெபாசிட் கேட்கிறார்கள்.

உபயோகம் கூடினால் கேட்க உரிமை உண்டு. அறிவிப்பு கொடுத்து 30 நாள் தர வேண்டும். கணக்கை எழுத்தில் கேளுங்கள். ஏற்கெனவே கட்டிய டெபாசிட்டுக்கு வட்டி வர வேண்டும், அது பில்லில் கழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

"இன்றிரவு உங்கள் கரண்ட் கட், உடனே இந்த எண்ணுக்குப் பேசவும்" என்று மெசேஜ் வந்தது.

மோசடி. வழக்கமாக ராத்திரி ஒன்பதரை மணிக்குத் துண்டிப்போம் என்று வரும், கீழே யாரோ ஓர் "அதிகாரி"யின் செல்போன் எண் இருக்கும். பேசினால் ஒரு செயலியைப் போனில் இறக்கச் சொல்வார்கள், இறக்கினால் வங்கிக் கணக்கு காலி. ஈ.பி. அனுப்பும் செய்தியில் உங்கள் இணைப்பு எண்ணும் தொகையும் கடைசித் தேதியும் இருக்கும். சந்தேகமாக இருந்தால் மெசேஜில் உள்ள எண்ணுக்குப் பேசாமல் மேலே சொன்ன மின்னகம் எண்ணுக்குப் போட்டு, இணைப்பு எண்ணைச் சொல்லிப் பாக்கி உண்டா என்று கேளுங்கள். எங்கள் எதிர்வீட்டுப் பெரியவர் அப்படித்தான் தப்பித்தார். மெசேஜ் வந்தபோது அவர் பில் கட்டி மூன்று நாள் ஆகியிருந்தது.